நடந்தும் குதிரை ஏறியும்: கோவிந்த்காட்டிலிருந்து ஹேம்குண்ட் வரை

பத்ரிநாத் போகிற நம்மூர் வண்டிகள் எல்லாமே கோவிந்த்காட் வழியாகத்தான் போகின்றன. ஜோஷிமட்டில் நரசிம்மரைச் சேவித்துவிட்டு (திருப்பிரிதி என்று வைணவர்கள் சொல்கிற திவ்யதேசம் அதுதான்) கிளம்பி ஒரு 20 கிலோமீட்டர் போனால் ஆற்றங்கரையில் சீக்கியர்களின் குருத்வாரா ஒன்று, குறுகலான கடைத்தெரு, முதுகில் மூட்டையோடு வரிசையாகக் கோவேறு கழுதைகள். வேனில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச தூரந்தான், பத்ரி வந்துரும்" என்று சாய்ந்துகொள்வார்கள். நானும் அக்காவும் ஒரு முறை அப்படித்தான் கடந்து போனோம். அடுத்த முறை, ஆகஸ்ட் நடுவில், அங்கேயே இறங்கிவிட்டோம். எனக்கு அப்போது 44 வயது, அக்காவுக்கு 57, அவளுக்கு வலது முழங்காலில் தேய்மானம். "குதிரை இருக்குல்ல, ஏறி உக்காந்தா போய்ச் சேந்துரலாம்" என்று அந்த மாதிரி முழங்காலோடு கிளம்புகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். போய்ச் சேரலாம்தான். ஆனால் செங்குத்தான மலைப்பாதையில் குதிரைமேல் இருப்பது ஓய்வு இல்லை, அதுவும் ஒரு உழைப்பு. அதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவிந்த்காட் ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து புல்னா வரை 4 கிலோமீட்டர் ஜீப் போகும். புல்னாவிலிருந்து காங்கரியாவுக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர், நடை அல்லது குதிரை. காங்கரியா 3050 மீட்டர் அளவில் இருக்கிறது, தங்கும் இடம் அதுதான். ஊரைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் போனால் மலர்ப் பள்ளத்தாக்கு. வலது பக்கம் 6 கிலோமீட்டர் ஏறினால் சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேம்குண்ட் சாகிப், 4000 மீட்டருக்கு மேலே. பள்ளத்தாக்கின் பூங்கா ஜூன் தொடக்கத்திலிருந்து அக்டோபர் வரை திறந்திருக்கும், பூ பார்க்க வேண்டுமென்றால் ஜூலை கடைசியும் ஆகஸ்டும்தான் காலம். அதாவது மழைக்காலம். பூவும் வேண்டும், மழையும் கூடாது என்றால் நடக்காது.

முதல் நாள் அக்கா குதிரையில், நான் நடை. குதிரை என்று எல்லோரும் சொன்னாலும் பெரும்பாலும் அவை கோவேறு கழுதைகள்தான், அங்கே கச்சர் என்கிறார்கள். கட்டண விகிதம் எழுதிப் போட்டிருக்கும் கவுன்ட்டரில் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டோம். வெளியே பேரம் பேசுகிறவர்கள் குறைவாகச் சொல்வார்கள், ஆனால் பாதிவழியில் ஏதாவது தகராறு என்றால் ரசீது இல்லாமல் யாரிடம் போய் நிற்பது? அக்கா சின்ன வயதில் வீட்டில் மாடு வளர்த்துப் பழகியவள். ஏறுவதற்கு முன்னால் விலங்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், பத்தடி நடக்க வைத்து நொண்டுகிறதா என்று பார்த்தாள், சேணத்துக்கு அடியில் விரித்திருந்த கம்பளியைக் கொஞ்சம் தூக்கச் சொன்னாள். முதலில் காட்டிய விலங்குக்கு முதுகெலும்பு ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் போய், தோல் சிவந்து ஈரமாக இருந்தது. "இது மேல ஏற மாட்டேன்ட்டி, வேற கேளு" என்றாள். அந்த ஆள் முகம் சுளித்தார், ஆனால் வேறொன்று கொண்டுவந்தார். இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். புண் முதுகோடு சுமக்கிற விலங்கு வலியில் திடீரென்று உடம்பை முறுக்கும், அது நமக்கும் ஆபத்து. அதைவிட, அந்தப் புண்மேல் உட்கார்ந்து எந்தச் சாமியைப் பார்த்து என்ன?

புல்னாவிலிருந்து பியுந்தார் கிராமம் வரை பாதை ஓரளவு சாதுவானது. பக்கத்திலேயே ஆறு இரைந்துகொண்டு வரும். பியுந்தார் தாண்டிப் பாலத்தில் ஆற்றைக் கடந்தபின்தான் உண்மையான ஏற்றம், காங்கரியா வரை மூச்சு வாங்க வைக்கும். கல் பாவிய பாதை, அதன்மேல் மழைத்தண்ணீரும் சாணமும் கலந்து எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும். நடப்பவர்களுக்கு இங்கே பெரிய ஆபத்து பள்ளம் இல்லை, இந்தச் சாணிக் குழம்பு. கோடு கோடாக ஆழமாக வெட்டிய ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும், பழைய ஷூவாக, காலுக்குப் பழகியதாக. மூங்கில் தடி கீழேயே விலைக்குக் கிடைக்கும், இரும்புப் பூண் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

நடப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு. மணிச்சத்தம் கேட்டால் உடனே மலைப்பக்கம் ஒதுங்கி, பாறையோடு ஒட்டி நில்லுங்கள். நான் முதல் ஒரு மணி நேரம் இதைச் செய்யவில்லை. இடம் அகலமாகத் தெரிகிறதே என்று பள்ளத்துப் பக்கம் நகர்ந்து வழி விட்டுக்கொண்டிருந்தேன். மேலிருந்து இரண்டு பக்கமும் காலி கேஸ் சிலிண்டர்கள் கட்டிய ஒரு கச்சர் வேகமாக இறங்கி வந்தது. அதற்கு நான் நிற்பது ஒரு பொருட்டே இல்லை. சிலிண்டரின் விளிம்பு என் தோள்பையில் உரசி என்னை அரைச்சுற்றுச் சுற்றியது. தடியை ஊன்றியிருந்ததால் நின்றேன். கீழே முப்பது, நாற்பதடியில் ஆறு. பின்னால் வந்த ஒரு வயதான சர்தார்ஜி என் முழங்கையைப் பிடித்து மலைப்பக்கம் இழுத்து நிறுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேலே நடந்து போனார்.

காங்கரியாவில் அக்கா எனக்கு முன்பே, ரொம்ப நேரம் முன்பே வந்து காத்திருந்தாள். இறங்கியவுடன் கால் இரண்டும் மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னாள். மூன்று மணி நேரம் தொடையை இறுக்கி உட்கார்ந்து வந்தால் இடுப்பும் தொடையும் மரத்துப் போகும். இறங்கும்போது குதிரைக்காரரின் தோளைப் பிடித்து இறங்கி, ஒரு நிமிடம் சேணத்தைப் பிடித்தபடியே நின்று, அப்புறம் நடக்க வேண்டும். பாதி வழியில் டீக்கடை வரும்போதெல்லாம் ஒரு தடவை இறங்கி நடந்தாலும் போதும். ஜீன்ஸ் போட வேண்டாம், நனைந்தால் தொடையின் உள்பக்கத் தோலை வழித்துவிடும். புடவை கட்டிக்கொண்டு ஏறிய ஒரு அம்மா பட்ட பாட்டைப் பார்த்தேன். உள்ளே ஒட்டினாற்போல ஒரு கால்சட்டை, மேலே சுடிதார், அது போதும்.

மறுநாள் செய்ததுதான் எங்கள் பெரிய தவறு. நேராக ஹேம்குண்ட் கிளம்பினோம். முதலில் பள்ளத்தாக்குக்குப் போயிருக்க வேண்டும். அது 3500 மீட்டர் வாக்கில்தான், அங்கே ஒரு பகல் நடந்துவிட்டு காங்கரியாவில் இன்னொரு இரவு தூங்கி எழுந்தால் உடம்பு உயரத்துக்குக் கொஞ்சம் பழகியிருக்கும். நாங்கள் வானம் தெளிவாக இருக்கிறதே என்று அவசரப்பட்டோம். எனக்கும் முந்தின நாள் நடையில் கெண்டைக்கால் பிடித்திருந்ததால் இரண்டு பேருக்கும் குதிரை எடுத்தோம். ஆளுக்கொரு குதிரை, ஆனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே குதிரைக்காரர். அதுவும் தவறு. ஒரு விலங்குக்கு ஒரு ஆள், கயிற்றைக் கையில் பிடித்து நடக்கிறவராக இருக்க வேண்டும் என்று கவுன்ட்டரிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏற்றத்தில் உட்காரும் முறையை அவர் இரண்டே சொல்லில் கற்றுக்கொடுத்தார்: "ஆகே", "பீச்சே". ஏறும்போது உடம்பு முன்னால் சாய வேண்டும், இறங்கும்போது பின்னால். ஏற்றத்தில் பின்னால் சாய்ந்தால் நம் கனம் முழுவதும் விலங்கின் பின்னங்கால்களில் விழும், சேணமும் வால் பக்கம் நழுவும். அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கிற வளையம்) பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்கட்டும், குதிகால் வரை நுழைத்துக்கொண்டால் விழ நேர்ந்தால் கால் மாட்டிக்கொண்டு இழுபடும். சேணத்தின் முன்னால் ஒரு இரும்புப் பிடி இருக்கும், ஒரு கை எப்போதும் அதில். முதுகில் கனமான பை கூடாது, அது திருப்பத்தில் நம்மை ஒரு பக்கம் இழுக்கும். போனில் படம் எடுப்பதெல்லாம் நின்ற பிறகு. குடை விரிக்கவே விரிக்காதீர்கள், படாரென்று விரிகிற குடைக்கு விலங்குகள் மிரளும். மழைக்கு உடம்பை ஒட்டிய மழைக்கோட்டுதான்.

எல்லாரையும் நடுங்க வைப்பது விலங்கு ஓரத்தில் நடப்பது. இவ்வளவு அகலப் பாதையில் அது சரியாகப் பள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் போகும். "ஏட்டி, இது என்னட்டி ஓரத்துலயே போவுது!" என்று அக்கா முன்னாலிருந்து கத்தினாள். "யக்கா, கீழ பாக்காத, அது காதைப் பாரு" என்று நானும் கத்தினேன். குதிரைக்காரர் காரணம் சொன்னார். வருஷம் பூராவும் இரண்டு பக்கமும் மூட்டை கட்டிச் சுமக்கிற விலங்கு, மலைப்பக்கம் போனால் மூட்டை பாறையில் இடிக்கும் என்று அதற்குத் தெரியும், அதனால் வெளி ஓரமாக நடந்து பழகியிருக்கிறது. அதற்கும் உயிர் மேல் ஆசை உண்டு, கால் வைக்கும் கல்லை அது பார்த்துத்தான் வைக்கும், நாம் பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால்தான் அதன் நிலை தடுமாறும். உண்மைதான். மேலே உட்கார்ந்து பார்த்தால் அது ஒவ்வொரு வழுக்குக் கல்லிலும் முன்குளம்பை வைத்து, ஒரு நொடி சோதித்து, அப்புறம்தான் கனத்தைப் போடுவது நம் இடுப்பிலேயே தெரியும்.

ஆனால் சேணம் நழுவுவதற்கு விலங்கு பொறுப்பில்லை. பாதி ஏறியிருப்போம். நான் பின்னால், அக்கா பத்தடி முன்னால். அவள் முதுகு கொஞ்சம் கோணலாக இருப்பது மாதிரி தெரிந்தது. சரி, களைத்துப்போய்ச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த திருப்பத்தில் பார்த்தால் அவள் மட்டும் சாயவில்லை, சேணமே சாய்ந்திருக்கிறது. வலது அங்கவடி இடதைவிட ஒரு சாண் கீழே தொங்குகிறது. வலது பக்கம் பள்ளம். சேணம் விலங்கின் உடம்பைச் சுற்றி மெதுவாக, கடிகார முள் மாதிரி, அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. "பையா, ரோக்கோ!" (அண்ணா, நிறுத்துங்க) என்று கத்தினேன். குதிரைக்காரர் என் குதிரைக்குப் பின்னால் யாரோடோ பேசிக்கொண்டு வந்தார். ஓடிவந்து முதலில் செய்தது அக்காவைப் பிடித்தது இல்லை, இடது அங்கவடியைப் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டுக் கீழே இழுத்தார், சேணம் நேரானது. அதற்கப்புறம் மலைப்பக்கமாக அவளை இறக்கினார்.

அவர் சேணத்தை இறுக்கும் வயிற்றுப்பட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினார், நாலு விரல் தாராளமாகப் போயிற்று. பட்டையைக் கட்டும்போது இந்த விலங்குகள் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளுமாம். அப்போது இறுக்கமாகத் தெரியும், நாலு எட்டு நடந்து மூச்சு விட்டதும் தளர்ந்துவிடும். அதனால் கிளம்பிக் கால் மணி, அரை மணி நேரத்தில் ஒரு முறை நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். அன்று காலை கூட்டத்தில் அவர் அதை விட்டுவிட்டார். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் நீங்களே நிறுத்தச் சொல்லி, பட்டையை இறுக்கச் சொல்லுங்கள். இந்தி தெரியாவிட்டால் பட்டையைத் தொட்டுக் காட்டினால் போதும், அவர்களுக்குப் புரியும்.

அக்கா அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். கை நடுங்கியது. திரும்பிவிடலாமா என்று கேட்டேன். "விழலல்லா, பின்ன என்ன" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியில் ஒரு துண்டை எடுத்து, குதிரைக்காரரிடம் கையைக் காட்டிக் கேட்டுவிட்டு, விரித்த உள்ளங்கையில் வைத்து அந்தக் கச்சருக்கு நீட்டினாள். அது உதட்டால் எடுத்துக்கொண்டது. அவர்களே வெல்லமும் கடலையும் கொடுப்பது உண்டு என்றார், இந்தக் கறுப்பு வெல்லம் என்ன என்று தானும் ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்குத்தான் ஆகவில்லை. பின்மண்டையில் ஆணி அடித்தது மாதிரி வலி, குமட்டல். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. நடந்தால் உடம்பு களைத்து நம்மை நிறுத்தி நிறுத்தித்தான் ஏற்றும். குதிரை மூன்று மணி நேரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிடுகிறது, உடம்புக்குப் பழக நேரமே இல்லை. குதிரையில் போனால் மலைநோய் வராது என்று நினைப்பது தவறு. அதோடு குளிர். நடப்பவர்களுக்கு நடையிலேயே சூடு இருக்கும். நனைந்த காற்றில் அசையாமல் உட்கார்ந்து வந்த எனக்கு விரல்கள் விறைத்து, இரும்புப் பிடியிலிருந்து கையை எடுக்கவே முடியவில்லை. குதிரையில் போகிறவர்களுக்குத்தான் கையுறையும் கூடுதல் ஸ்வெட்டரும் முக்கியம். மலைநோய்க்கு முன்கூட்டி மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

குருத்வாராவின் லங்கரில் (எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் இடம்) சூடாகக் கிச்சடியும் டம்ளர் நிறைய டீயும் கொடுத்தார்கள், யார் எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. அந்த டீ டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஏரியைப் பார்த்தேன். சுற்றிலும் சிகரங்கள், நடுவில் பச்சையும் கறுப்புமாகத் தண்ணீர், பாதி மேகத்துக்குள். கரையோரப் பாறை இடுக்குகளில் பிரம்ம கமலம், வெளிறிய இதழ் மூடிக் கூம்பிக்கொண்டு. குரு கோவிந்த் சிங் முற்பிறவியில் தவம் செய்த இடம் என்பது சீக்கியர்களின் நம்பிக்கை. பக்கத்திலேயே லட்சுமணனுக்கு ஒரு சிறிய கோயில். அக்கா அங்கே போய் நின்றாள். நான் அதற்குமேல் நிற்கவில்லை. தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் அதற்கு மருந்து, கீழே இறங்குவதுதான், அங்கே இரவு தங்கவும் இடம் கிடையாது, மதியத்துக்கு மேல் எல்லாரையும் கீழே அனுப்பிவிடுவார்கள்.

இறக்கத்துக்கு இரண்டு பேருமே குதிரை வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஏற்றத்தில் குதிரை, இறக்கத்தில் நடை என்பதுதான் அங்கே பழகியவர்கள் பலர் சொல்வதும். இறங்கும்போது விலங்கின் முன்னங்கால்களில் அதன் கனமும் நம் கனமும் சேர்ந்து விழுகிறது, ஒவ்வொரு படியிலும் நம்மை முன்னால் தூக்கியடிக்கும், முதுகு போய்விடும். அக்காவின் முழங்காலுக்கு உறை போட்டு, இரண்டு கையிலும் இரண்டு தடி கொடுத்து, நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாக, சின்னச் சின்ன எட்டாக இறக்கினேன். நாலு மணி நேரம் ஆயிற்று. பாதி இறங்கியதுமே என் தலைவலி பாதியாகக் குறைந்துவிட்டது, காங்கரியாவில் மாலை ரொட்டி சாப்பிட்டேன்.

பள்ளத்தாக்குக்குள் குதிரை விடுவதில்லை, அது 1982 முதல் தேசியப் பூங்கா, 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. நடக்க முடியாதவர்களை முதுகுக் கூடையில் சுமந்து போகும் ஆட்கள் உண்டு. அக்கா கூடைக்குள் உட்கார மறுத்துவிட்டாள். "ஒரு மனுசன் முதுகுல நான் ஏற மாட்டேன்" என்றாள். அப்படிச் சுமந்து பிழைப்பவர்களுக்கு அது வருமானம் என்பதும் எனக்குத் தெரிகிறது, இதில் யாருக்கும் நான் வழி சொல்லத் தயாராக இல்லை. அவள் நடந்தாள். பூக்கள் தொடங்கும் இடம் வரை போய் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள், அது போதும் என்றாள். நான் மட்டும் ஜோன் மார்கரெட் லெக்கின் கல்லறை வரை போனேன். பூ சேகரிக்க வந்து, 1939ல் இந்தப் பாறைகளில் வழுக்கி விழுந்து இறந்த இங்கிலாந்துப் பெண். பாதையில் ரோஸ் நிறத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பூ காடாக நின்றது, நம் வீட்டு வாசல் காசித்தும்பையின் இனம்தான் அது. இதழ் கசங்கிய பட்டுத்துணி மாதிரி இருக்கிற நீலப் பூ நம் கசகசாவுக்குச் சொந்தம். திரும்பி வந்து அக்காவிடம் சொன்னபோது நம்பவே மாட்டேன் என்றாள், பாறைக்குப் பக்கத்தில் இருந்த காய் ஒன்றைத் தொட்டதும் அது காசித்தும்பைக் காய் மாதிரியே படீரென்று வெடித்து விதை தெறித்தது.

கடைசி நாள் காங்கரியாவிலிருந்து புல்னா வரை முழுக்க நடந்தே இறங்கினோம். அதிகாலையிலேயே கிளம்பிவிட்டால் மேலே ஏறும் குதிரைக் கூட்டம் எதிரே வருவதற்குள் செங்குத்தான பகுதியைத் தாண்டிவிடலாம். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், காங்கரியாவில் போன் சிக்னலை நம்பிப் பணம் அனுப்பலாம் என்று இருக்க முடியாது. ரிஷிகேஷ் திரும்பும் பாதையில் மண்சரிவு வரும், ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு நாள் சும்மா விட்டுவையுங்கள், எங்களுக்கு அந்த ஒரு நாள் ருத்ரபிரயாகைக்கு முன்னால் ரோட்டிலேயே கழிந்தது.

பியுந்தார் பாலத்துக்கு மேலே கடைசி வளைவில் மழை பிடித்துக்கொண்டது. நான் தலையைக் குனிந்து கல் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் மணிச்சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அக்கா ஏற்கெனவே இரண்டு தடியையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மலைப்பக்கம் பாறையோடு முதுகை ஒட்டி நிற்கிறாள், பின்னால் வந்த ஒரு சின்னப் பிள்ளையின் கையை மற்றக் கையால் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு.